சும்மா எலிகளும் டாக்டரம்மாவும்

லிஃப்ட் பொத்தானை ஏழாவது தடவையாக அழுத்துகிறார் டாக்டரம்மா. ஏழு தடவை அழுத்தினால் லிஃப்டுக்கு ரோஷம் வரும் என்று நம்பிக்கை. பொறுமை இழந்து படியேறி, மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தால், அது அவருக்கு முன்பே அங்கே வாயைத் திறந்துகொண்டு காலியாக நிற்கும். அதை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் நுழைவார்.

இவர் மன அழுத்தத்தை ஆராய்பவர். லேசுப்பட்டவர் இல்லை. பயந்த மூளைக்குள் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது, பயம் போன பிறகும் அது தூங்குவதில்லை என்று இருபது வருடத்துக்கு முன்பே எலிகளை வைத்துக் கண்டுபிடித்தவர். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி இரண்டாயிரம் கட்டுரைகள் வந்துவிட்டன. முகம் தெரியாத மருத்துவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு நோயாளிகளிடம் நிதானமாக இருக்கச் சொல்கிறார்கள். மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த அவருடைய கணவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அவ எழுதினதை உலகமே படிச்சிடுச்சுங்க. அவ ஒருத்திதான் இன்னும் படிக்கல."

நான் அடுத்த அறையில் நுண்ணோக்கி பழுது பார்ப்பவன். சுவர் வழியாகவே அவரை நன்றாகத் தெரியும். போனை இரண்டாவது மணி அடிக்க விடமாட்டார். டீயை ஆறவிடமாட்டார், தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். இடுப்பில் பதினொரு சாவிகள் குலுங்க, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் நடை. எதிரே வருபவர்களுக்கு வணக்கத்துக்குப் பதில், "டைம் இல்ல, டைம் இல்ல."

போன வருடம், அந்த மரபணுவைத் திரும்பத் தூங்கவைக்கும் மருந்து பற்றிக் கட்டுரை அனுப்பினார். பத்து வருட உழைப்பு. ஆய்விதழின் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பயமுறுத்திய எலிகள் பயந்திருப்பது சரி, ஒன்றும் செய்யாமல் விட்ட எலிகள் ஏன் பயந்திருக்கின்றன? மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால் கட்டுரை கிடையாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைக்கும் அந்தக் கூட்டத்துக்கு எங்கள் மாடியில் 'சும்மா எலிகள்' என்று பெயர். அவற்றின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன் எகிறிக் கிடந்தது. டாக்டரம்மா ஃபிரிட்ஜின் இரைச்சலைச் சந்தேகப்பட்டார். கூண்டுகளில் பரப்பும் மரத்தூளை மாற்றினார். விளக்கை மாற்றினார். கடைசியில் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தத்தில்தான் கோளாறு. வியாழக்கிழமை ரத்தம் சாதுவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எடுப்பவர் டாக்டரம்மா. வியாழக்கிழமை எடுப்பவர் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

"வியாழக்கிழமை அதுங்களுக்கு என்ன குடுக்கறீங்க?" என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார்.

"ஒண்ணும் குடுக்கல மேடம். போறேன், வர்றேன்." பெரியவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. சாவி சத்தம் கேட்டாலே அதுங்க மூலையில போய் ஒண்டிக்குது. எனக்கே நெஞ்சு படபடங்குது."

டாக்டரம்மா முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. "அப்ப இனிமே எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார் பெரியவரிடம்.

"ரத்தம் எடுப்பேன். மருந்து ஊசி நீங்கதானே போடணும்? அதுங்க உங்களுக்குப் பழகணும் மேடம். தினம் அரை மணி நேரம் உள்ள போய் சும்மா உட்காருங்க."

சாவி, செருப்பு, போன் எல்லாவற்றையும் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார் பெரியவர். முதல் நாள் நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார் டாக்டரம்மா. "சும்மா உட்கார்றதுக்கு ஏதாவது முறை இருக்கா?"

"இல்ல மேடம். உட்கார்றதுதான்."

மறுபடி உள்ளே போனார். இரண்டாம் நாள் ஆறு நிமிடம். அந்த வாரக் கடைசியில் கால் ஆட்டுவது நின்றது.

கெடு முடிய ஒரு மாதம் இருந்தபோது, நான் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். முக்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். ஒரு சும்மா எலி அவர் உள்ளங்கையில் சுருண்டு, வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் கையிலிருந்த போன் அடித்தது. ஆய்விதழ் ஆசிரியர். பெரியவர் பதறிப்போய்த் திரையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவதும் அடித்தது.

டாக்டரம்மா, எலி இருந்த கையை அசைக்காமல், மற்றக் கையின் விரலை மெதுவாக உதட்டில் வைத்தார்.