சுவருக்கு வெளியே தோமாசாவின் குரல்

எல் ஆல்ட்டோ நகரத்தில் ரியோ செக்கோவுக்கும் சேஹாவுக்கும் நடுவே ஓடுகிற மினிபஸ்களில் ஆள் கூப்பிட்டுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தோமாசாவுக்கு வாய்த்த தொண்டை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஓடுகிற வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, பாவாடை காற்றில் உப்ப, "சேஹா, சேஹா, சேஹா!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், அடுத்த தெருவில் சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பவனும் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவருவான்.

வண்டி அவள் புருஷன் செனோனுடையது. செனோனின் உடன்பிறந்தவர்கள் நாலு பேர். ஒருத்தன் அர்ஜென்டினா போய்த் தையல்காரனாகி அங்கேயே தங்கிவிட்டான். ஒருத்தி சின்னதிலேயே போய்ச்சேர்ந்தாள். ஊரோடு இருந்தவர்கள் மூத்தவள் காசிமிராவும் கடைசித் தம்பி பெர்மினும்தான். செனோன் இறந்துபோன பிறகு வண்டியை ஓட்டுவது இந்தப் பெர்மின்.

செனோன் போனது பெருந்தொற்றின்போது. மூச்சு முட்டி அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன காலையில் மகள் யெசேனியாவுக்கு ஆறு வயது. பிள்ளை இதைப் பார்க்கவேண்டாம் என்று தோமாசா அவளை அத்தை காசிமிரா வீட்டுக்கு அனுப்பினாள். "போயிட்டு வாடி. நீ வரும்போது அப்பா இங்கதான் இருப்பார்" என்றாள். அந்த நேரத்தில் எந்தத் தாயும் சொல்லுகிற வார்த்தைதான். செனோன் திரும்பவில்லை. பெட்டியைக்கூடத் திறந்து காட்டவில்லை.

பள்ளிக்கூடம் இரண்டு வருஷம் மூடிக்கிடந்து, ஒரு பிப்ரவரி மழையில் திறந்தது. வெள்ளை மேலங்கியை வெளுத்து மாட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, தோமாசா மகளைக் கூட்டிப்போனாள். கேட்டைப் பார்த்ததும் குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்துவிட்டது பிள்ளைக்கு. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் அம்மாவின் பாவாடையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல் விரலாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

"வகுப்புல நாப்பது பிள்ளைங்கம்மா. எல்லாமே வீட்டுல எதையோ தொலைச்சுட்டுத்தான் வந்திருக்கு" என்றாள் டீச்சர். அவள் கண்ணும் தூங்கின கண்ணாக இல்லை. "பொறுமையா சொல்லிப் பாருங்க. நீ வரும்போது அம்மா இருப்பேன்னு சொல்லுங்க. அதக் கேட்டா தைரியம் வரும்."

தோமாசா சொன்னாள். தினமும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

காசிமிராவுக்கு அது பொறுக்கவில்லை. "புள்ள பயந்துபோயிருக்கு. பாதி உசிரு இந்தக் கேட்டுலயே கழண்டு நிக்குது. அத டீச்சரா கூப்பிட்டுக் குடுப்பா?" என்று, யெசேனியாவின் கம்பளிச் சட்டையும் சடங்குக்கான கொக்கா இலையும் சின்ன மணியுமாகக் கிளம்பி வந்தாள். கேட்டுக்கு முன்னால் சட்டையை வீசி, மணியை ஆட்டி, "வா யெசேனியா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டாள்.

காவல்காரன் சிரித்தான். "இங்க ஏற்கெனவே ஒரு மணி இருக்கே அம்மா."

"உன் மணி புள்ளைங்கள விரட்டத்தான் லாயக்கு. தள்ளி நில்லுடா!"

உயிரைச் சுமந்த சட்டை என்று அதை மாட்டிவிட்டார்கள். பிள்ளை அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். காலையில் கேட்டடியில் மறுபடியும் வாந்தி.

வாயைத் துடைத்துவிட்டபடி தோமாசா, "நீ வரும்போது அம்மா இங்கதான்..." என்று ஆரம்பித்தாள்.

"அத சொல்லாதம்மா" என்றாள் யெசேனியா. "அப்பா போனப்பவும் அப்படித்தான் சொன்ன."

தோமாசாவின் கை நின்றுவிட்டது. பிள்ளையின் பயம் பள்ளிக்கூடத்தைக் கண்டு அல்ல, திரும்பி வரும்போது அம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்றுதான். இத்தனை நாளும் மருந்து என்று எதை ஊட்டினாளோ, அதுவேதான் அந்தப் பயத்தை ஏற்றியிருக்கிறது. வேறு என்ன சொல்லலாம் என்று தேடினாள்.

பிள்ளைதான் வழி சொன்னாள். வண்டி போகிற தடம் பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டித்தான். "போகும்போதெல்லாம் கத்தும்மா. நான் கேட்டுக்கறேன்."

"அண்ணி தொண்டைக்கு ஒரு சுவரு எம்மாத்திரம்? ரெண்டு கத்துக் கூடவே கத்துவாங்க" என்றான் பெர்மின்.

அப்படித்தான் யெசேனியா உள்ளே போனாள். ஏறுவதற்கு ஆளே இல்லாத அந்தச் சுவரோரம் வண்டி மெதுவாகும், தோமாசா "சேஹா!" என்று கத்துவாள். உள்ளே பிள்ளை பென்சிலை நிறுத்திக் கேட்டுவிட்டு எழுதுவாளாம். இடைவேளையில் சுவருக்குப் பக்கத்திலேயே நின்று ரொட்டி தின்பாளாம். டீச்சர் சொன்னாள். தோமாசா அந்த வாரம் முழுக்கத் தொண்டைக்குத் தேன் நக்கினாள்.

பிறகு டீசல் கிடைக்கவில்லை என்று சாலையை மறித்தார்கள். கல்லும் டயருமாகக் குவித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெகுதூரம் இந்தப் பக்கமே பெர்மினின் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் நகராது, பின்னாலும் நகராது. இடைவேளை நேரம் நெருங்கியது. தோமாசா கல்குவியல் மேல் ஏறி நின்று, நெஞ்சு வலிக்க, "சேஹா! சேஹா!" என்று கத்தினாள்.

"இங்க பாருங்கடா, வண்டியே நகரல, இந்தம்மா ஆள் ஏத்துது!" என்று மறித்து நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணி, இறங்குங்க. அவ்வளவு தூரம் கேக்காது" என்றான் பெர்மின். அவன் சிரிக்கவில்லை.

இறங்கி ஓடினாள், மூச்சு வாங்கி நடந்தாள், மறுபடியும் ஓடினாள். போய்ச்சேர்ந்தபோது இடைவேளை எப்போதோ முடிந்திருந்தது. யெசேனியா பின்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே மேலங்கி நனைந்திருந்தது. பக்கத்தில் தரையிலேயே டீச்சர் உட்கார்ந்திருந்தாள். "எழுப்ப முடியலம்மா, வகுப்ப விட்டுட்டு இங்கதான் இருக்கேன்" என்றாள்.

யெசேனியா திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, ஓடிவரவும் இல்லை. எழுந்து வந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். மறியல்காரர்கள் ராத்திரிக்கு விறகு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது பிள்ளை கேட்டாள்: "நாளைக்குக் கத்துவியாம்மா?"

"கத்துவேன்" என்று சொல்லத்தான் தோமாசாவின் வாய் திறந்தது. அடுக்கியிருந்த விறகைப் பார்த்தாள்.

"ரோடு திறக்குமான்னு தெரியலடி கண்ணு" என்றாள். கத்திக் கத்திக் கட்டிப்போன குரலில் அது பிள்ளைக்குக் கேட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

யெசேனியா அம்மாவின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.