நாற்பதடியில் தண்ணீர்

இருபது வருடத்துக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருந்தவன் நான். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து ரிக் ஏறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் வடக்கே போர் போடப் போன ஊர்களில் காதால் கேட்டது. எங்கள் டிரைவர் ஒருவர் சொல்வார்: "தண்ணி வந்தா ஊட்டுக்காரன் மூஞ்சியப் பாரு. புகை வந்தா குனிஞ்சு பிட்டைப் பாரு."

பிட் என்பது பாறையைத் துளைக்கும் இரும்பு முனை. ஆயிரம் அடி இறங்கியும் ஈரமில்லாமல் வெறும் கல்மாவு பறந்தால், அதற்குப் புகை என்று பெயர். நாமக்கல் பக்கத்தில் ஒரு விவசாயி, தலை முதல் கால் வரை அந்த மாவு படிந்து வெள்ளையாக நின்றபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு அம்பதடி போட்டுப் பாக்கலாங்களா சாமி?" போட்டோம். அதுவும் புகை. நான் குனிந்து பிட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்படிப்பட்டவன் சேலத்தில் வீட்டுமனை வாங்கப் போனால் எதைப் பார்ப்பான்? ரோட்டைப் பார்க்கவில்லை, பட்டாவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். வெள்ளையடித்த கற்கள், வாசலில் ஒரு வளைவு. வாங்குவதற்கு முன்பே தெரிந்தவருடைய ரிக் வண்டியைக் கூட்டிவந்து துளை போட்டுப் பார்த்தேன். முதலில் கன்னங்கரிய களிமண் வந்தது. அதில் விரல்நகம் அளவில் வெள்ளை நத்தை ஓடுகள். ஒன்றை எடுத்துத் தேய்த்தேன், பொடிந்தது. கையைக் கழுவிக்கொண்டேன். நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டு வாழைமர உயரத்துக்கு எழுந்தது. என் மனைவி அந்தச் சேற்றுத்தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "ஏனுங்க, இனிக்குதுங்க" என்றாள். அன்று சாயங்காலமே பேசி முடித்துவிட்டோம்.

டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தில், "ஏரிக்கரை, ஏரிக்கரையெல்லாம் எறங்கு!" என்று கத்துவார். எத்தனை நாள் அங்கே இறங்கியிருப்பேன்! எந்த ஏரி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் விடாத மழை. தண்ணீர் தெருவிலிருந்து வரும் என்று வாசலில் மணல்மூட்டை அடுக்கி வைத்துக் காத்திருந்தோம். அது கொல்லையிலிருந்து வந்தது. மோட்டார் ஓடவில்லை, கரண்டே இல்லை. போர்க்குழாய் மூடி தானாக ஆடியது, பிறகு தண்ணீர் அதைத் தள்ளிவிட்டு வெளியே வழிந்தது. அக்கம்பக்கத்தார் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். "கங்கையே வந்துட்டா" என்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மதியத்துக்குள் வீட்டுத் தரையில் டைல்ஸ் இடுக்குகளில் அது ஊறி வந்தது. சாயங்காலம் என் மனைவிக்கு இடுப்புக்கு மேல். சாக்கடை நாற்றம் இல்லை. பாசியும் மீனும் பழைய சேறும் கலந்த வாசனை. சமையலறையில் கேஸ் சிலிண்டரைச் சுற்றி ஒரு கெண்டைக் குஞ்சு வட்டம் போட்டது. அதற்கு வழி தெரிந்திருந்தது. நாங்கள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் அதன் கோடு வடியவில்லை. எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் இரண்டு மாதத்தில் பழுப்பாக மேலே எழுந்து வரும். சேர்வராயன் மலைமேல் மேகம் கூடினால் இங்கே எங்கள் தரை வேர்க்கும். குழாய்க்குள் தவளை கத்தும். பங்குனி வெயிலில்கூட இரண்டு கொக்குகள் காம்பவுண்டுச் சுவரில் வந்து நின்று வீட்டையே பார்க்கும்.

"அதுக எதைப் பாக்குதுன்னு நினைக்கறீங்க? நாம எப்பக் கிளம்புவம்னுதான் பாக்குதுங்க" என்பாள் மனைவி.

விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தோம். சுவர்க்கோட்டை மறைத்துப் பீரோவை நகர்த்தி வைத்தோம். மீதிக்குக் காலண்டர். கெங்கவல்லிப் பக்கத்து இளம் தம்பதி பார்க்க வருகிறார்கள் என்றதும் மனைவி என்னை உட்காரவைத்துச் சொன்னாள்:

"இன்னைக்கு ஒரு நாள் அந்த வாயை மூடிட்டு இருங்க. ரிக் கதையெல்லாம் எடுத்துடாதீங்க."

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"நீங்க என்ன சொல்லாம இருந்திருக்கீங்க?"

அவர்கள் வந்தார்கள். அவன் ஊரில் மரவள்ளி போட்டவன். கிணறு வற்றி, நிலத்தைக் கொடுத்துவிட்டு, சேலத்தில் சரக்கு வேன் ஓட்டுகிறான். அவள் தையல்காரி, இஞ்ச் டேப் கழுத்திலேயே தொங்கியது. அவள் சமையலறையைப் பார்க்கப் போக, அவன் நேராகக் கொல்லைக்குப் போனான். போர்க்குழாய் மூடியைத் திறந்து ஒரு சிறு கல்லைப் போட்டான். வறண்ட ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வரும்வரை எண்ணுவார்கள். அவன் "ஒண்ணு" என்று வாயெடுப்பதற்குள் களுக்கென்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

டிரைவர் பார்க்கச் சொன்ன முகம் அது. நாற்பதாவது அடியில் எனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"தம்பி, இது ஏரி" என்றேன்.

"எதுங்கய்யா?"

"நாம நிக்கற இடம்."

உள்ளே கூட்டிப்போய்க் காலண்டரைக் கழற்றினேன். பீரோவை நகர்த்தினேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கெண்டைக் குஞ்சு உட்பட.

அவன் சிரித்தான். "தண்ணி வருதுன்னு ஒருத்தர் கொறை சொல்லி இப்பத்தாங்கய்யா கேக்கறேன். ஊர்ல நாலு போர் போட்டேன். நாலும் புகை. நீங்க வருதேன்னு அழுவுறீங்க!"

"ஊட்டுக்குள்ள வருது தம்பி."

"வருசத்துக்கு நாலு நாள் வருமா? மத்த நாளெல்லாம் குழாய்ல இருக்குமில்ல?"

அவன் மனைவி மட்டும் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனபின் மனைவி காப்பி டம்ளரை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். "ஊடு வாங்க வந்தவங்களுக்கு ஏரியக் காட்டி அனுப்பிட்டீங்க. நிம்மதியா?"

நிம்மதியாகத்தான் இருந்தது, இரண்டு மாதம். அப்புறம் ஒரு காலையில் எங்கள் பக்கத்துக் காலிமனையில் ரிக் வண்டி வந்து நின்றது. அதன் முன்னால் அவன், கையில் கற்பூரத் தட்டோடு.

"ஐயா! பக்கத்துலயே வந்துட்டோம்! நீங்க விக்க மனசில்லாமத்தான அப்படிச் சொன்னீங்க? எனக்கா தெரியாது! உங்க தண்ணிதான் எங்களை இழுத்துக்கிட்டு வந்துச்சு."

உண்மையைச் சொல்லி அவனைத் தடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். இங்கே தண்ணீர் இருக்கிறது என்பதைத்தான் அவனுக்கு உறுதிப்படுத்தியிருக்கிறேன்.

கம்ப்ரசர் சத்தத்தில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சுவரோரம் போய் நின்றேன். கரிய களிமண் வந்தது. வெள்ளை ஓடுகள் வந்தன. நாற்பதடியில் தண்ணீர் எழுந்ததும் எல்லோரும் கத்தினார்கள். அவன் அதன் அடியில் போய் நின்று நனைந்தான். என் வாழ்க்கையில் முதல்முறையாக, தண்ணீர் வந்த இடத்தில் நான் குனிந்து பிட்டைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் அவன் மனைவி ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்தாள். இன்னொரு கை மூடியிருந்தது. திறந்தாள். நத்தை ஓடுகள்.

"எங்க ஊரு ஏரியில இதைப் பொறுக்கி வெளையாடியிருக்கேங்கய்யா. அப்ப நீங்க சொன்னது நெசந்தான்."

"நெசந்தான் கண்ணு."

உள்ளே வந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோடுவரை பிடித்தாள். "நாப்பத்திரெண்டு இஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அதுக்கு மேல ஒரு ரெண்டடி."

அன்று அவர்கள் போட்ட சண்டை சுவர் தாண்டிக் கேட்டது.

"அஞ்சரை அடி பேஸ்மட்டமா? வூடு கட்டறமா, கோயில் கட்டறமா?"

"ஏணி வச்சு ஏறிக்கறேன். கட்டு."

கட்டினான். லாரி லாரியாகச் செம்மண் வந்து மனை முழுவதும் நிறைந்தது. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு குழிக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது. ஒரு நாள் அவள் மேலே நின்று எங்கள் கொல்லையைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயா, இங்க நின்னுக்கிட்டிருந்த தண்ணி இனி எங்க போவும்?"

வாயை மூடிட்டு இருங்க என்று மனைவி அன்று சொன்ன பேச்சை அப்போதுதான் கேட்டேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியே பதில் சொன்னாள்: "வேற எங்க போகும் சாமி. இங்கதான்."

அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள். என் மனைவியின் கையிலிருந்த ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்து கொடுத்தாள்.

இப்போது அவர்கள் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கிற பையை அங்கே பரணில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். தினமும் காலையில் வந்து, நூலில் ஒரு போல்ட்டைக் கட்டி எங்கள் போர்க்குழாய்க்குள் விடுகிறாள். நனைந்த இடத்தைப் பிடித்து, தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று டேப்பால் அளக்கிறாள். ஐப்பசி இன்னும் பிறக்கவில்லை; இங்கே ஒரு துளிகூட விழவில்லை. மலைமேல் மட்டும் நான்கு நாளாகக் கறுப்பாக நிற்கிறது. கொக்குகள் இரண்டும் அவர்கள் பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு எங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன.

இன்று காலை நூலை மேலே இழுத்து இரண்டு முறை அளந்தாள். என் காதருகே வந்து, "ஐயா, நேத்தை விட ஒரு சாண் ஏறியிருக்கு" என்றாள், மனைவிக்குக் கேட்காதபடி.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எனக்குக் கேட்டுது சாமி. காப்பி ஆறுது, வாங்க ரெண்டு பேரும்."