வகுப்புக்கு ஒரே கடவுச்சொல்

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலக் கட்டுரை நடத்துவதைப் போலச் சலிப்பான வேலை வேறில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளையோ கம்பெனி ஆள் பிள்ளையோ, எல்லோரும் கைடைப் பார்த்து ஒரே மாதிரி எழுதிக் கொடுப்பார்கள். நானும் ஒரே மாதிரி சிவப்பு மையால் கோடு கிழித்துக் கொடுப்பேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பல்லடம் சாலையில் இருந்த அந்தப் பள்ளியில் என்னைப் பிள்ளைகள் என்ன பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொண்டேன்.

கம்ப்யூட்டர் அறை ஒன்று பூட்டியே கிடந்தது. இரண்டாயிரத்துகளின் கடைசி ஆண்டுகள் அவை. இணையத்தில் ஒரே பக்கத்தைப் பல கம்ப்யூட்டர்களில் திறந்து, பலரும் ஒரே நேரத்தில் எழுதலாம், அதற்குக் காசு ஒன்றும் தரவேண்டாம் என்று என் தம்பி வந்தபோது காட்டினான். ஒருவர் அடிக்கும் எழுத்து அடுத்தவர் திரையில் தானாக வந்து நிற்பதைப் பார்த்து எனக்கே வாயடைத்துப் போனது. மறுவாரமே தலைமையாசிரியரை நச்சரித்துச் சாவியை வாங்கிவிட்டேன்.

பிள்ளைகள் யாருக்கும் மின்னஞ்சல் முகவரி கிடையாது. ஆளுக்கொன்று திறந்து கொடுத்தால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். அதனால் வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அதைக் கரும்பலகையின் மூலையில் எழுதிப் போட்டிருந்தேன். யார் எழுதியது என்று தெரிவதற்காக ஆளுக்கொரு நிறம். நீலத்துக்கும் சிவப்புக்கும் அடிதடி நடந்தது. எல்லோரும் எடுத்தது போக மிச்சமிருந்த பச்சையை ஒரு பெண் எடுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர், அம்மா இன்னொரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் அதுவரை அவள் கட்டுரையை நான் ஒழுங்காகப் படித்ததே இல்லை. திரையில் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த வகுப்பில் கைடைப் பார்க்காமல் எழுதியது அவள் ஒருத்திதான். மழை பெய்தால் கம்பெனியில் சாயத்துணி காயாது, அப்பாவுக்கு வேலை இருக்காது, அன்றைக்கு எல்லோரும் வீட்டில் ஒன்றாக இருப்போம், அதனால் எனக்கு மழை பிடிக்கும் என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அந்தத் தப்புகளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. வந்தவர்களுக்கு இதைக் காட்டச் சொன்னார் தலைமையாசிரியர். பச்சைக்காரியைத்தான் உட்கார வைத்தேன். கட்டுரை மட்டுமல்லாமல் அட்டவணை போட்டு, கூட்டல் எல்லாம் தானாக வரும்படி செய்து காட்டினாள். பெற்றோர் கழகத் தலைவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டமும் இங்கே ஏற்றுமதிக் கம்பெனியும் உள்ளவர். "எங்க ஆபீஸ்ல சம்பளம் வாங்கறவங்களுக்கே இது தெரியாதுங்க டீச்சர்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் திறந்த வாரம் அவள் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அம்மா வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. கழகத் தலைவரே ஆள் அனுப்பி அவளைத் தன் ஆபீஸில் சேர்த்துக்கொண்டார். ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, தையல் மெஷின் பக்கத்தில் நின்று கைமடிக்கப் போயிருந்தால் என்ன ஆவது என்று எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். நானும் வாழ்த்தினேன். பரீட்சைக்குப் பெயர் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டதால் ஹால் டிக்கெட் வந்துவிடும், எழுத மட்டும் வரட்டும் என்று தலைமையாசிரியர் கண்டும் காணாமல் இருந்தார்.

அடுத்த வாரம் நாங்கள் கட்டுரைப் பக்கத்தைத் திறந்தோம். நடுவில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து டீ நேரத்தில் உள்ளே வந்திருந்தாள். வகுப்பே ஹோவென்று கத்தியது. அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. கேள்வியைப் போட்டதும் பிள்ளைகள் அவளுக்கென்று நாலு வரி இடம் விட்டு எழுதுவார்கள். எங்களுக்குக் கரண்ட் போய்விடும், கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. திரும்பக் கரண்ட் வரும்போது அவள் மட்டும் எழுதி முடித்திருப்பாள். நான் நோட்டில் போடாத பாராட்டையெல்லாம் அவள் வரிகளுக்குக் கீழே அடித்தேன். இந்தப் பெண் பாஸாகிவிடும், தபாலிலாவது காலேஜ் படித்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஆபீஸுக்கும் பேக்கிங் பகுதிக்கும் இடையே விவரங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொண்டு வருவார்களாம். அதில் வைரஸ் வந்து பாதி நாள் வேலை கெடுமாம். இணையத்தில் அட்டவணை போட்டால் இரண்டு இடத்திலும் திறக்கலாம் என்று அவள் சொல்ல, ஆபீஸில் எல்லோரும் சரி என்றிருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த கணக்கு எங்கள் வகுப்புக் கணக்கு ஒன்றுதான். அதிலேயே போட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் அந்த அட்டவணை கிடந்தது. வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் ஒன்றும் புரியாமல் மூடியிருப்பார்கள். இங்கே லீவு நாளில் பேக்கிங்குக்குப் போகாத பிள்ளை குறைவு. ஒரு பெட்டிக்குள் எந்த அளவில் எத்தனை பனியன் போகவேண்டும் என்ற விகிதம் அதில் இருந்தது. நடு அளவுகள் அதிகமாகவும் ஓரத்து அளவுகள் குறைவாகவும் போவதுதான் வழக்கம். இதில் சின்ன அளவு அதிகமாக இருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், பாவம், அவசரத்தில் மாற்றி அடித்துவிட்டாள், முதலாளி பார்த்தால் திட்டுவார் என்று நாலைந்து பேர் சேர்ந்து சரி செய்துவிட்டார்கள். அவளுக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆர்டரைக் கொடுத்தவர் சின்ன அளவைத்தான் அதிகம் கேட்டிருந்தார். பேக்கிங்கில் மாறிய கணக்கைப் பார்த்தே பெட்டி கட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கழகத் தலைவர் பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "ஆரு மேலயும் கோவமில்லீங்க டீச்சர். பொட்டியெல்லாம் பிரிச்சு மறுக்கா கட்டீட்டு இருக்கறமுங்க. கேட்டா, நான்தான் போட்டேன், நான்தான் தப்புப் பண்ணீட்டேன்னு அந்தப் புள்ள அழுகுதுங்க" என்றார். எல்லாம் ஒரே கணக்கில் நடந்ததால் யார் மாற்றியது என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. நான் வகுப்பில் போய்க் கேட்டேன். ஒரு வரிசையே எழுந்து நின்றது.

"நாங்கதானுங்க மிஸ். அவளுக்குத் திட்டு விழுகுமேன்னு மாத்துனோமுங்க."

திட்டாமல் உட்காரச் சொன்னேன். கழகத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படீங்களா, சின்னப் புள்ளைங்க" என்று தலையை ஆட்டினார். ஆனால் ஆபீஸில் இனி இணையம் மேனேஜர் மட்டும்தான் தொடலாம் என்று ஆகிவிட்டது. பள்ளியில் கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொல்லி உத்தரவு. என் பக்கத்திலேயே நின்று தலைமையாசிரியர் மாற்றச் சொன்னார், மாற்றினேன். பச்சை எழுத்து பாதிக் கட்டுரையில் நின்றது. பிள்ளைகள் அடுத்த கட்டுரையிலும் நாலு வரி விட்டுத்தான் எழுதினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு இல்லை.

ஹால் டிக்கெட் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. அப்பா கட்டிலில் என்னைப் பார்த்து எழ முயன்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார்.

"ஞாயித்துக்கெழமையும் போயிருக்குதுங்க டீச்சர். பரீச்சைக்கு லீவு கேளு கண்ணுன்னா கேக்க மாட்டேங்குதுங்க. நம்மளால மொதலாளிக்கு அத்தன கஷ்டமாயிப் போச்சு, எந்த மூஞ்சிய வெச்சுக் கேக்கறதுங்குதுங்க."

நேராகக் கழகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் நல்ல மனுஷர். "நான் வேண்டாம்னா சொன்னேனுங்க? தாராளமாப் போயி எழுதீட்டு வரட்டுமுங்க" என்றார். அதை அவள் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆங்கிலத் தேர்வன்று பள்ளி வாசலில் நின்றேன். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போனது. மணி அடித்தது, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். அவள் வரவில்லை. சரக்கு ஏற்றிய கண்டெய்னர் அன்று கிளம்புகிறது, அது போகாமல் நகரமாட்டேன் என்று காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டாளாம். யாரும் அவளை அங்கே போகச் சொல்லவில்லை.

வினாத்தாள் அவ்வளவு எளிது. எப்போதும் ஃபெயிலாகும் பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

சாயங்காலம் டீ நேரத்தில் என் போன் அடித்தது. எண் கம்பெனியுடையது. பின்னால் யாரோ இந்தியில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், பேப்பர் ஈஸிங்களா?"

"கஷ்டம் கண்ணு" என்றேன். "எல்லாப் புள்ளைங்களும் அழுதுட்டுத்தான் வந்துச்சு."

"அப்பச் செரிங்க மிஸ். நான் வந்திருந்தாலும் பெயிலுதானுங்க" என்றாள். அவள் குரலில் அவ்வளவு நிம்மதி இருந்தது. போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.