முதுகெலும்பில் குடியிருந்த கிருமி

இன்று நுவரெலியா கிளினிக்கில் என் கணவர் என் தோளைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். மூன்று மாத மாத்திரை முடிந்தது.

தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கித்தான் அவருக்கு இடுப்பு போனது என்று தோட்டத்து லயத்தில் வரிசை வீடெல்லாம் சொன்னது. நானும் நம்பினேன். சாயங்காலமானால் காய்ச்சல் வந்ததைக் கொப்பியில் எழுதிவைத்தேன். கால் மரத்து, நடை நின்றபிறகுதான் இங்கே காட்டினோம்.

அன்று டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். என் கொப்பியைப் புரட்டினார். பிறகு ஒரே கேள்வி.

"பால் எப்படிங்க குடிக்கிறீங்க?"

"வீட்டு மாட்டுப் பாலுங்க. வெள்ளிக்கிழமை வேலுக்கு அபிஷேகம் பண்ணி, காய்ச்சாம அப்படியே இவருக்குக் குடுப்பேன். வலி வந்தபெறகு இன்னொரு டம்ளர் கூட்டிக் குடுத்தேன்."

இரத்தத்தைச் சோதித்தார்கள். மாட்டிலிருந்து வந்த அரிய கிருமி, பாலோடு போய் முதுகெலும்பில் குடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாததை ஒரு கேள்வியால் பிடித்த அந்தப் பிள்ளைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

இன்று திரும்பி வரும் பஸ்ஸில் இவர் சிரித்தார். "இத்தன நாளா முருகனத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஒன்னத்தான் திட்டியிருக்கணும்."

நாளை வெள்ளிக்கிழமை. பாலைக் காய்ச்சி, ஆறவைத்துத்தான் அபிஷேகம். முருகன் ஒத்துக்கொள்வார்.

வேலுக்குப் பச்சைப் பால்தான் ஊற்ற வேண்டும் என்கிற என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.