கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வட்டா

போன கிழமை பனிச்சங்கேணிக் கலாசார நிலையத்தில் ஒரு வெற்றிலை வட்டாவைக் கண்டேன். பித்தளைத் தட்டு, விளிம்பில் எனக்குப் பழக்கமான நசுங்கல். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே பிரெஞ்சில் பெரிதாகவும் தமிழில் எறும்பளவாகவும் எழுதியிருந்தார்கள்: ‘கிராமியப் பாவனைப் பொருள்.’ வந்த எரிச்சலில் அங்கே தந்த ஓசிக் கோப்பியைக்கூடக் குடிக்கவில்லை. ஓசி என்றால் இரண்டாவது கோப்பையும் கேட்கிற ஆள் நான்.

நிலையத்தின் பணிப்பாளர் ஒரு காலத்தில் என்னோடு மட்டக்களப்பில் பத்திரிகையில் குப்பை கொட்டியவர். இருவருக்கும் ஒரே சைக்கிள். நான் மிதிப்பேன், அவர் பின்னால் இருந்து செய்தி யோசிப்பார். மாலையில் ஒரு வயதான பாதிரியாரிடம் பிரெஞ்சு படிக்கப் போனோம். நான் ‘மெர்சி’யோடு நின்றுவிட்டேன். அவர் பாரிஸ் வரைக்கும் போய், அந்த ஊர்ப் பத்திரிகையிலேயே எழுதினார்.

போவதற்கு முன் அவருடைய எழுத்தில் உறைப்பு இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பனிச்சங்கேணித் தோணித்துறையை ஒரு ஹோட்டல்காரன் முள்ளுக்கம்பி அடித்து மறித்தபோது, விடாமல் எழுதிக் கழற்ற வைத்தவர் அவர்தான். அவர் பாரிசுக்குப் புறப்பட்டபோது, துறையில் இறால் வாங்கி விற்கும் மகேஸ்வரி அக்கா இதே வட்டாவைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். எங்கள் பக்கத்தில் வட்டா வைப்பதென்றால் மதித்துக் கேட்பது. அதை வாங்கினால் கேட்டதற்கு உடன்பட்டதாக அர்த்தம்.

“எங்கட துறைய மறந்திராதீங்க தம்பி” என்றார் அக்கா. வெற்றிலையை எடுத்து மென்றார் நம்மவர். கண் கலங்கியது. சுண்ணாம்பு கூடிவிட்டதோ என்னவோ.

போன வருஷம், பிரெஞ்சுக்காரர் காசில் நடக்கும் இந்த நிலையத்துக்குப் பணிப்பாளராகத் திரும்பி வந்தார். இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. இரண்டு வசனத்துக்கு ஒருமுறை ‘வுவாலா’ என்று ஒரு பிரெஞ்சு. வந்ததும் திறந்தவெளி அரங்கு கட்ட இடம் பிடித்தார். அதே துறை, அதே முள்ளுக்கம்பி. பிடுங்குகிறோம் என்று ஹோட்டல்காரனுக்காவது தெரிந்திருந்தது. இவர் பண்பாடு வளர்க்கிறாராம். எனக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை, அருவருப்புத்தான்.

அக்கா மறுபடியும் வட்டாவோடு போனார். நானும் கூடப் போனேன்.

“தம்பி, ஒரு தோணி போற அகலத்துக்காவது பாதை விடுங்க. அது காணும்.”

பணிப்பாளர் இரண்டு கைகளாலும் வட்டாவை வாங்கினார். “என்ன அழகான பொருள்!” என்றார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பெண்மணிக்கு அவள் மொழியில் நீளமாக விளக்கினார். அந்தப் பெண்மணி படம் எடுத்தாள். அக்காவைத்தான் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

“வட்டாவ வாங்கிட்டார் மனே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அக்கா. “இனிப் பயமில்ல. கம்பியக் கழட்டிருவார்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த மண்ணில் பிறந்தவன் வட்டாவை வாங்கிவிட்டுச் சும்மா இருப்பானா என்று நம்பிய மடையர்கள் நாங்கள்.

இன்று துறை இல்லை. தோணிகளை விற்றுவிட்டார்கள். மகேஸ்வரி அக்கா வாழைச்சேனையில் யாரோ ஒருவருடைய கடையில் மீன் வெட்டுகிறார். முள்ளுக்கம்பியில் வண்ண விளக்குகள் தொங்குகின்றன.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வட்டாவில் வெற்றிலையும் அடுக்கியிருந்தது. அக்கா கொண்டுபோனதாக இருக்குமோ என்று கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக்.