பேர் போன படை

பலெர்மோவின் லிபெர்த்தா தெருவில் யோகாம்பாள் பராமரித்த மக்கே கிழவர் பழைய ஸ்கொட்லாந்துப் படையாள். உலக யுத்தத்தில், நாற்பத்து மூன்றாம் ஆண்டு கோர்டன் ஹைலாண்டர்ஸ் ரெஜிமெண்டோடு சிசிலியில் வந்திறங்கிச் சண்டை பிடித்தவர். பிறகு பலெர்மோக்காரி ஒருத்தியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கட்டம் போட்ட படைப் பாவாடையை ஞாயிறுதோறும் மடிப்புக் கலையாமல் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைப்பது யோகாம்பாள்தான். வாய்தவறி, ஊர் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் 'சாரம்' என்று சொன்னால் போதும், கிழவர் சீறுவார்.

"கில்ட்! அந்த மஞ்சள் கோடு எங்கட கோர்டன் அடையாளம்!"

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஏற்கனவே இரண்டு படைகளைப் பிசைந்து செய்த இன்னொரு ரெஜிமெண்டோடு அரசாங்கத்தார் கோர்டனையும் சேர்த்து, வெறும் 'ஹைலாண்டர்ஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். இருநூறு வருசப் பேர் போயே போய்விட்டது. செய்தி கேட்ட கிழவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"துரோகிகள்! எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டவங்களோ? பேரைப் பறிச்சால் பிறகு மனுசனிட்ட என்ன மிச்சம்? நீயே சொல்லு, கார்மேலா!"

யோகாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்மேலா அவளுக்கு முன்னர் அந்த வீட்டில் வேலை செய்தவள். யோகாம்பாள் என்பது வாயில் நுழையவில்லை என்று, வந்த அன்றே அந்தப் பேரை அவள் தலையில் கட்டிவிட்டவர் இதே கிழவர்தான்.

அவள் தட்டைத் திரும்ப அவர் முன்னால் தள்ளினாள்.

"கார்மேலாவைக் கேளுங்கோ, சிஞ்ஞோர். நான் யோகாம்பாள்."