இரண்டாம் தரம் கூப்பிட்டால்

எங்கள் மில் முன்னுக்கு வந்ததற்குத் தன் கெட்டித்தனமே காரணம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கொக்குவிலில் அரிசி, மிளகாய் அரைக்க வேறு மில்களும் இருந்தன. அவற்றைத் தாண்டிச் சனங்கள் எங்களிடம் சைக்கிள் உழக்கி வந்தது, இயந்திரத்தில் வேலைக்கு நின்ற, நான் அண்ணை என்று கூப்பிடும் மனிதருக்காகத்தான். மற்ற இடங்களில் இயந்திரத்துக்குள் ஒட்டிக்கிடக்கும் மாவை முதலாளிமார் வழித்தெடுத்துக்கொள்வார்கள். அண்ணை ஒரு கட்டையால் தட்டித் தட்டி, உள்ளே கிடப்பதெல்லாம் உரியவர் பையில் விழுந்த பிறகுதான் அடுத்தவர் அரிசியைக் கொட்டுவார். டீசல் வராத காலத்தில் மண்ணெண்ணெயோடு மல்லுக்கட்டி இயந்திரத்தை ஓட்டியவரும் அவர்தான்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைக் கொடுத்தாலும் முதல் தரம் வேண்டாம் என்பார். மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "வேண்டாம் அம்மா, பசிக்கேல்லை" என்பார். "பரவாயில்லை, வந்து சாப்பிடு" என்று அம்மா இன்னொருக்கால் சொன்னதும் கை கழுவப் போவார். வருசப் பிறப்புக்கு வேட்டி கொடுத்தாலும் அதே கதைதான். அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் இது தெரியாதவர் இல்லை.

தொண்ணூற்றைந்தில் ஒரு பின்னேரம், ஆமி நெருங்கிவிட்டது, எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிடும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நல்ல மழை. அண்ணையின் மனைவியும் மகளும் அயலவரோடு முதலே நடந்துவிட்டார்கள். நாங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மில் வாசலில் நிறுத்தினோம். உள்ளே, அரைத்து வைத்த ஏழு பைகள் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன.

"நீயும் வாவன்," என்றார் அப்பா.

"நீங்கள் போங்கோ ஐயா. ஆக்களின்ரை சாமான் கிடக்கு. குடுத்துப்போட்டு வாறன்."

அப்பா இயந்திரத்தைப் பார்த்தார். அதைக் காவல் காக்க ஆள் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் வந்ததை நான் கண்டேன். "சரி, கவனமாயிரு," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்கும் வாய் இருந்தது. பேசாமல் நானும் ஏறினேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அண்ணையின் மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். பைகளுக்கு உரியவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அண்ணை பையை எடுத்துத் தந்தார் என்றார்கள். கடைசியாக வந்தவர் வேறு செய்தி கொண்டுவந்தார். மில் கூரையில் ஷெல் விழுந்ததாம். அண்ணையைத் தானும் இன்னொருவருமாகக் கிணற்றடியில் குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் கையிலும் மாப்பை இருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அண்ணையின் மனைவி எழுந்து வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, நீங்கள் அவரைக் கூப்பிட்டனீங்கள்தானே?"

"ஓம், கூப்பிட்டனான். அவன்தான் பிறகு வாறன் எண்டவன்."

"எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?"

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஒருக்கால்," என்று நான்தான் சொன்னேன்.